எந்த நாட்டில் டாக்டர் ஆகப் போகிறாள்?

கேளுங்கள் டாக்டரம்மா: வாசகர் கேள்வி, பதில்

நீட் முடிவு வந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் மாறிவிடுகின்றன. சர்க்கரை, தைராய்டு, முழங்கால் வலியெல்லாம் பின்னுக்குப் போய், 'பிள்ளையை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கலாமா?' என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் கரீபியன் தீவுகள் திரும்பத் திரும்ப வந்தன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கொருக்குப்பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் இரண்டாவது தடவை நீட் எழுதி 231 மார்க் வாங்கியிருக்கிறாள். அரசு சீட் வராது. கரீபியன் தீவு ஒன்றில் எம்.டி. படிப்பு, ஐந்தரை வருடம், மொத்தம் 38 லட்சம், கடைசி இரண்டு வருடம் அமெரிக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி, 'என்.எம்.சி. அப்ரூவ்டு' என்று ஏஜென்ட் சொல்கிறார். இந்த வாரத்துக்குள் இரண்டு லட்சம் கட்டினால் சீட் உறுதியாம். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். படித்து முடித்து இங்கேயே வந்து நம் ஏரியாவில் கிளினிக் போட வேண்டும் என்பது அவள் ஆசை. அனுப்பலாமா? (ஒரு தகப்பன், கொருக்குப்பேட்டை)

ஐயா, இந்த வாரம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. மகள் கொருக்குப்பேட்டையில் கிளினிக் போட வேண்டும் என்கிறீர்கள். ஏஜென்ட் விற்கும் படிப்போ அமெரிக்காவில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்காக அமைக்கப்பட்டது. கல்லூரி நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தத் தீவுகளின் அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிரெனடாவின் மொத்த மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். சபா என்று ஒரு தீவு, அங்கேயும் ஒரு மருத்துவக் கல்லூரி உண்டு. தீவில் வசிப்பவர்களே சுமார் 2,000 பேர்தான். நான் படித்த ஸ்டான்லியில் ஆயிரத்துக்கும் மேல் படுக்கைகள். காலை ஓ.பி. நேரத்தில் பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் வந்து பார்த்தால், ராயபுரத்திலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்த கூட்டத்தில் உள்ளே நுழையவே நேரமாகும். மருத்துவம் அந்தக் கூட்டத்தில்தான் கைக்கு வருகிறது. மூச்சுத் திணறலோடு வரும் பத்துப் பேரில் யாருக்கு இதயம், யாருக்கு நுரையீரல், யாருக்கு வெறும் பயம் என்று பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும். சின்னத் தீவில் அவ்வளவு நோயாளிகளுக்கு எங்கே போவார்கள்? அதனால்தான் அந்தக் கல்லூரிகள் முதல் இரண்டு வருடம் உடற்கூறியல், மருந்தியல் போன்ற அடிப்படைப் பாடங்களைத் தீவில் நடத்திவிட்டு, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சிக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகின்றன. அமெரிக்காவில் வேலை பார்க்கப் போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு.

இந்தியச் சட்டம் இங்கேதான் குறுக்கே வருகிறது. தேசிய மருத்துவ ஆணையம், அதாவது நீங்கள் எழுதியிருக்கும் அதே என்.எம்.சி., 2021 நவம்பரில் வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கான விதிகளை வெளியிட்டது. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் அதே கல்லூரியில் செய்ய வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். படிப்பு, பயிற்சி, இன்டர்ன்ஷிப் எதிலும் ஒரு பகுதியைக்கூட இந்தியாவிலோ, பட்டம் தரும் நாட்டைத் தவிர்த்த வேறு நாட்டிலோ செய்யக் கூடாது. சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் முடித்தும் ஆக வேண்டும். ஏஜென்ட் பெருமையாகச் சொன்ன 'கடைசி இரண்டு வருடம் அமெரிக்காவில்' என்பது இந்த விதிக்கு நேர் எதிரானது. உங்கள் மகள் அமெரிக்க ஆஸ்பத்திரியில் எவ்வளவு நன்றாகப் பயிற்சி எடுத்தாலும், இங்கே பதிவு செய்ய வரும்போது அதுவே தடையாக நிற்கும்.

இன்னொரு விதியை ஏஜென்ட்டுகள் சொல்லவே மாட்டார்கள். எந்த நாட்டில் பட்டம் வாங்குகிறாளோ அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி அவளுக்கு வர வேண்டும். அதுவும் அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கிற அதே பதிவாக இருக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கென்றே தீவுகளில் தொடங்கிய கல்லூரிகள் உண்டு. அங்கே படித்தவருக்கு அந்தத் தீவின் மருத்துவ கவுன்சில் பதிவு தருமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள். அந்த நாட்டு மருத்துவ கவுன்சிலுக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பகுதியில் கயானாவின் ஜார்ஜ்டவுனிலும் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் இந்திய ஹைகமிஷன்கள் இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் தீவு எந்த அலுவலகத்தின் பொறுப்பில் வருகிறதோ அங்கேயும் எழுதிக் கேளுங்கள். பட்டறை வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்தால் மகளே எழுதிவிடுவாள், நாலு வரிதான்.

'என்.எம்.சி. அப்ரூவ்டு' என்பது பொய். வெளிநாட்டுக் கல்லூரிகளில் இன்னின்னவற்றை அங்கீகரித்தோம் என்று ஆணையம் எந்தப் பட்டியலும் வெளியிடுவதில்லை. விதியைச் சொல்கிறது, பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வதை நம்மிடமே விட்டுவிடுகிறது. எச்சரிக்கை மட்டும் அவ்வப்போது வரும். பெலிஸ் நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் சேர வேண்டாம் என்று 2025-ல் வந்தது. 'அப்ரூவ்டு' என்று உங்களிடம் சொன்னவர் தெரிந்தே சொல்லியிருந்தால் ஏமாற்றுகிறார், தெரியாமல் என்றால் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. இரண்டில் எதுவானாலும் உங்கள் வீட்டுப் பத்திரத்தை அவரை நம்பி எடுக்க முடியாது.

என் கிளினிக்குக்கு ஒரு தாய் இப்படி ஒரு தீவுக் கல்லூரியின் நோட்டீஸைக் கொண்டுவந்தார். வழவழப்பான தாள், நீலக் கடல், வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள். பின்பக்கம் பருவம் பருவமாகப் பாடத் திட்டம். முதல் நான்கு பருவம் 'ப்ரீ-மெட்' என்று இருந்தது. அப்புறம் ஐந்து பருவம் அடிப்படை மருத்துவம். அதற்குக் கீழே 'கிளினிக்கல் பயிற்சி, இணைப்பு மருத்துவமனைகளில்' என்று ஒற்றை வரி. எந்த மருத்துவமனை, எந்த ஊர், எத்தனை படுக்கை, ஒன்றும் இல்லை. டாக்டராக்கும் பகுதிக்கு ஒரு வரி, நீச்சல் குளத்துக்கு அரைப் பக்கம். உங்களிடம் இருக்கும் தாளையும் இதே மாதிரி திருப்பிப் பாருங்கள். ப்ரீ-மெட் என்பது பிளஸ் டூவுக்கு மேல் கொஞ்சம் உயிரியலும் வேதியியலும்தான். அதைக் கழித்துவிட்டு மிச்ச மாதங்களைக் கூட்டுங்கள். 54 வருகிறதா? ப்ரீ-மெட்டைச் சென்னையிலேயே முடிக்கலாம், ஆன்லைனில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

எம்.டி. என்ற பெயரைப் பார்த்து மேற்படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க முறையில் அது நம் எம்.பி.பி.எஸ். மாதிரி அடிப்படைப் பட்டம்தான்.

இனி பணம். 38 லட்சத்தில் அங்கே தங்குவது, சாப்பாடு, வருகிற போகிற டிக்கெட், அமெரிக்க விசா, இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் பேர் வாங்கிய பெரிய தீவுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணமே இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும். அதே மாதிரிப் படிப்பு 38 லட்சத்துக்கு எப்படிக் கிடைக்கிறது என்றும் கேளுங்கள். கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும். உங்கள் வீடு அதற்குத்தான் போகிறது. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தரை வருடப் படிப்பு, இங்கே வந்து தகுதித் தேர்வு, அது தேறிய பிறகு இந்தியாவில் மறுபடி ஒரு வருட இன்டர்ன்ஷிப். முதல் சம்பளம் வருவதற்குள் ஏழு வருடத்துக்கு மேல் ஓடிவிடும்.

அந்தத் தகுதித் தேர்வைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எஃப்.எம்.ஜி.இ. என்று பெயர். வருடத்துக்கு இரண்டு தடவை, 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ். அண்மை ஆண்டுகளில் பல தடவை எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். தேர்வை நடத்தும் தேசிய வாரியம் எந்த நாடு, எந்தக் கல்லூரி, எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் பாஸ் என்று கணக்கு வெளியிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரியின் பெயர் அதில் இருக்கிறதா என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். இந்தத் தேர்வுக்குப் பதில் நெக்ஸ்ட் என்ற தேர்வு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். எது வந்தாலும் நோயாளியைப் பார்த்துப் படித்த பிள்ளைக்குத்தான் எழுத வரும்.

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். 2025 நீட்டில் பொதுப் பிரிவுக்கே தகுதி மதிப்பெண் 144தான். 231 என்றால் தகுதி பெற்றிருக்கிறாள், அது அவள் உழைப்பு. வெளிநாட்டில் படிக்க நீட் தகுதி அவசியம். அதற்காக எடுத்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதனால் இந்த வாரமே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவசரம் ஏஜென்ட்டுக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தீர்களா? இல்லையென்றால் சித்த மருத்துவம், பல் மருத்துவம் இரண்டுக்கும் இதே நீட்தான். பி.எஸ்ஸி. நர்சிங், பிசியோதெரபி இரண்டும் உண்டு. நர்சிங்குக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கலந்தாய்வு நடக்கிறது. இவற்றை இரண்டாம்தரம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பக்கவாதம் வந்து கை விழுந்த ஒருவரை மறுபடி டம்ளர் பிடிக்க வைப்பவர் பிசியோதெரபிஸ்ட். அது சின்ன வேலையா? இருந்தாலும் அவளுக்கு டாக்டர்தான் ஆக வேண்டுமென்றால், அவளையே உட்காரவைத்துக் கேளுங்கள். இன்னொரு வருடம் நீட்டுக்குக் கொடுக்கும் மனம் இருக்கிறதா என்று அவள் வாயால் வரட்டும். அந்த ஒரு வருடத்தின் செலவு வீட்டுப் பத்திரத்தைவிடக் குறைவுதான்.

என் அண்ணன் மகன் நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன். கிரெனடாவில் படித்து இப்போது நியூயார்க்கில் டாக்டராக இருக்கிறான். போன இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது 'தீவுக் கல்லூரி வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தள்ளலாமா? (ஒரு வாசகி, பெரம்பூர்)

தள்ளக் கூடாதுதான். உங்கள் அண்ணன் மகனுக்கு அது சரியான வழி. கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் 1976-ல் தொடங்கியது. அங்கே படித்த ஏராளமானவர்கள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறார்கள். 1983-ல் அமெரிக்கப் படை கிரெனடாவில் இறங்கியபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களின் பாதுகாப்பையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்தக் கல்லூரி யாருக்காக நடக்கிறது என்பது அதிலிருந்தே தெரியும்.

அவன் அமெரிக்கக் குடிமகன். அந்த அரசின் கல்விக் கடன் குறிப்பிட்ட சில தீவுக் கல்லூரிகளுக்கு உண்டு. படித்து முடித்ததும் விசா கேட்டு நிற்க வேண்டாம். கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு இவை எதுவுமே இல்லை. அவள் அமெரிக்காவில் டாக்டர் ஆவதற்கான தேர்வுகளான ஸ்டெப் 1, ஸ்டெப் 2 இரண்டும் எழுதி, ஆஸ்பத்திரிகளில் மேல்பயிற்சி இடம் ஒதுக்கும் 'மேட்ச்' முடிவு மார்ச்சில் வரும்வரை காத்திருந்து, இடம் கிடைத்தால் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கான ஜே-1 விசாவில் சேர வேண்டும். அந்த விசாவில் போனால் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும், அல்லது டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். முன்பு வெளிநாட்டுப் பிள்ளை ஒருவர் அதில் பெரிய மதிப்பெண் எடுத்துத் தன்னைக் காட்டிக்கொள்ள முடிந்தது. இப்போது அந்த வாய்ப்பு ஸ்டெப் 2-ல் மட்டும்தான்.

புயலையும் சொல்லாமல் விடக் கூடாது. அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017-ல் மரியா புயல் டொமினிக்காவைப் புரட்டிப் போட்டபோது, அங்கிருந்த ராஸ் பல்கலைக்கழக மாணவர்கள் செயின்ட் கிட்ஸ் துறைமுகத்தில் நிறுத்திய ஒரு கப்பலில் தங்கிப் படித்தார்கள். அப்புறம் அமெரிக்காவின் டென்னசிக்கு மாறினார்கள். கடைசியில் அந்தக் கல்லூரியே பார்படாஸுக்குப் போய்விட்டது. பணபலம் உள்ள கல்லூரி என்பதால் அவ்வளவும் செய்ய முடிந்தது. வாடகைக் கட்டடத்தில் நடக்கும் கல்லூரிக்கு அப்படி ஒரு புயல் வந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

என் மகன் ஒரு தீவுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இப்போதுதான் இந்த விதியெல்லாம் தெரிந்து ராத்திரி தூக்கம் இல்லை. பாதிப் பணம் கட்டியாகிவிட்டது. வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாற்றலாமா? (ஒரு தாய், எண்ணூர்)

அம்மா, முதலில் மகனைத் திட்டாதீர்கள், உங்களையும் திட்டிக்கொள்ளாதீர்கள். இன்னும் செய்யக்கூடியது இருக்கிறது.

பாதியில் கல்லூரி மாறுவது நடக்காது. முழுப் படிப்பும் ஒரே கல்லூரியில் என்பது விதி. உக்ரைன் போரின்போது மாணவர்களுக்குக் கொடுத்த சலுகை அந்தச் சூழ்நிலைக்கானது, அதைக் காட்டி 'மாற்றித் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வேறு இடம் என்றால் முதல் வருடத்திலிருந்துதான்.

மகனைக் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். கிளினிக்கல் பயிற்சியையும் இன்டர்ன்ஷிப்பையும் அமெரிக்காவுக்குப் போகாமல் அந்த நாட்டிலேயே முழுக்கச் செய்ய வழி உண்டா, அதற்கு எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். இந்திய மாணவர்களுக்காக அப்படித் தனிப் பாதை வைத்திருக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. பாதை உண்டு என்றால், அந்த மருத்துவமனைக்கு அவனே நேரில் போகட்டும். வார்டில் எத்தனை கட்டில், எத்தனையில் நோயாளி, மாணவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வரட்டும். அப்புறம் அந்த நாட்டு மருத்துவ கவுன்சிலின் பதிவு விஷயம். இந்த இரண்டுக்கும் பதில் சரியாக வந்தால் தொடரலாம், இன்றைக்கே எஃப்.எம்.ஜி.இ.க்குப் படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

'இல்லை' என்று பதில் வந்தால் இரண்டு வழி. ஒன்று, அமெரிக்கப் பாதையை முழு மனதோடு எடுப்பது. அதற்குக் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்று பாருங்கள். கரீபியனில் அந்த வேலையைச் செய்யும் அமைப்புக்கு காம்-ஹெச்.பி. என்று பெயர். பல நாடுகளின் கல்லூரிகளை அது பரிசீலிக்கிறது, எந்தக் கல்லூரிக்கு எந்த நிலை என்று தன் தளத்தில் போடுகிறது. அதில் இல்லாத, வேறு எந்த மதிப்புள்ள அமைப்பிடமும் அங்கீகாரம் வாங்காத கல்லூரியென்றால் அமெரிக்கக் கதவும் பாதி சாத்தியதுதான். அமெரிக்கர் அல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் மேட்சில் இடம் கிடைப்பது பத்தில் ஆறு பேர் அளவுக்குத்தான். இரண்டாவது வழி, இப்போதே நிறுத்திவிட்டுத் திரும்புவது. போன பணம் போனதுதான், வலிக்கும். ஆனால் மிச்சப் பாதிப் பணமும் அவனுடைய நான்கு வருடமும் கையில் இருக்கும். பதிவு கிடைக்காது என்று தெரிந்த பட்டத்துக்காக 'இவ்வளவு கட்டிவிட்டோமே' என்று மறுபடி கட்டுவதை நான் எந்தத் தாய்க்கும் சொல்ல மாட்டேன். திரும்பி வருகிற பிள்ளையை உறவுக்காரர்கள் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அவன் பக்கம் நில்லுங்கள்.

கயானாவில் சேர்ந்துவிட்டேன், செப்டம்பரில் பயணம். எல்லோ ஃபீவர் ஊசி கட்டாயமா? எங்கே போடுவார்கள்? (ஒரு மாணவி, திருவொற்றியூர்)

மகளே, கயானா தீவு இல்லை, தென் அமெரிக்கக் கரையில் இருக்கும் நாடு. 19-ம் நூற்றாண்டில் நம் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது, போனால் பார்த்துவிட்டு எனக்கு எழுது. பதிவு, பயிற்சி மருத்துவமனை பற்றி மேலே சொன்ன கேள்விகளெல்லாம் உனக்கும் உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன் கேட்டுவிடு.

ஊசி கட்டாயம். கயானா மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகள் பட்டியலில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். பனாமா, பிரேசில் வழியாக விமானம் மாறினாலும் கவனம். ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகம் உனக்குப் பக்கம், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போ. முட்டை அலர்ஜி இருந்தால் ஊசிக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடு. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுள் முழுக்கப் போதும். அதனால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்.